செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வியாபாரி கவனிக்க வேண்டியவை

கொள்முதலுக்கும் பாக்கி வசூலுக்கும் என்று நாம் போகாத ஊர் இல்லை. போன காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். வழியில் உள்ள பழைய கட்டடங்களை நின்று பார்ப்பதில்லை. அய்யலூரிலிருந்து திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி மார்க்கமாகக் காரைக்குடிப் பக்கம் போகும் வணிகர்கள், ஓர் அரைநாள் ஒதுக்கிக் கானாடுகாத்தானையும் ஆத்தங்குடியையும் பார்த்து வர வேண்டும் என்பது நமது கருத்து.

அங்குள்ள வீடுகள் அரண்மனை போலத் தோன்றினாலும் அவற்றைக் கட்டியவர்கள் நம்மைப் போல் பேரேடு எழுதிய வணிகர்களே. கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்துக்கு 'ராஜா' என்ற பரம்பரைப் பட்டம்கூட 1929-ல் ஆங்கிலேய அரசு தந்ததுதான். நகரத்தார் பெருமக்கள் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். அந்த வருமானத்தில் பர்மா தேக்கும் இத்தாலி சலவைக்கல்லும் கப்பலில் வந்து இறங்கின.

ஆடம்பரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. திண்ணை, முகப்பு, வளவு, பின்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால் காற்று தடையின்றி ஓடும். வந்தவரை உட்காரவைத்துத் தொழில் பேசத் திண்ணை, குடும்பத்துக்கு வளவு. திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றித் தனி அறை. ஓட்டில் விழும் மழைநீர் வளவு முற்றத்தில் இறங்கிச் சேரும்.

சுவரில் சுண்ணாம்புக் காரையைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இன்றும் கையாலேயே செய்கிறார்கள்.

இவ்வளவு உறுதியான வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? 1930-களில் உலகமெங்கும் விலை சரிந்து பர்மாவில் கடன் முடங்கியது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து வந்த வருமானம் நின்றது. பிறகு வாரிசுகள் பெருகி வெளியூர்களில் குடியேறினார்கள். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓடு மாற்றும் செலவை ஏற்க ஒருவரும் இல்லை. பல வீடுகளின் தூண்களும் கதவுகளும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. மழையைவிடப் பொறுப்பாளர் இல்லாததே இந்த வீடுகளை அதிகம் இடித்தது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன.

இதில் நமக்கும் பாடம் உண்டு. நம் கடைவீதிகளிலும் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டடத்தில் கடையும் கிடங்கும் நடத்துவோர் பலர். அவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரைத் தின்னும். சுவரோரம் அடுக்கிய பருப்பு மூட்டையும் பூசணம் பிடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். மாடியில் முளைக்கும் அரசங்கன்றை ஐப்பசி மழைக்கு முன் வேரோடு எடுங்கள். தண்ணீர்த் தூம்பில் அடைப்பு இல்லாமல் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், அண்ணன் தம்பிகள் ஒன்றாக உட்கார்ந்து, கட்டடத்தின் பராமரிப்புச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. வியாபாரத்தில் பங்கை எழுதிவைக்கிற நாம், அந்த வியாபாரத்துக்கு நிழல் தரும் கூரையையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?