சுண்டெலிக்கு ஏன் குதிரையின் ஹார்மோன்?

சுண்டெலி பெரும்பாலும் நள்ளிரவையொட்டித்தான் கருமுட்டையை வெளியிடும். அதை ஆராய்பவருக்குத் தூக்கம் போச்சு!

எடின்பரோவில் ரூத் ஃபௌலரும் ராபர்ட் எட்வர்ட்ஸும் ஊசியால் இதற்கு வழி கண்டார்கள். முதலில், சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்த ஹார்மோன்: சினைப்பையில் பல முட்டைகளை ஒருசேர வளர்ப்பது அதன் வேலை. ஏறக்குறைய 2 நாள் கழித்து, கர்ப்பிணிகளின் சிறுநீரில் கிடைக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன். அது போட்ட சுமார் 12 மணி நேரத்தில் முட்டைகள் வெளிவரும். ஆக, ஊசி போடும் நேரத்தை மாற்றினால் முட்டை வரும் நேரமும் மாறும். கடிகாரம் இப்போது ஆய்வாளர் கையில்.

இளம் எலிகளிடம் மட்டுமல்ல, வளர்ந்த எலிகளிடமும் இது பலிக்கும், அவை கருத்தரிக்கவும் செய்யும் என்று இருவரும் 1957இல் காட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1978இல் எட்வர்ட்ஸ் குழுவின் முயற்சியால் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், ஹார்மோன் ஊசியின்றி இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையிலிருந்து உருவானவர்.