குடும்பத்திற்கு ஒரு குறிப்புப் புத்தகம்

மறதி மனிதனுக்கு இயல்பு. நேற்று வாங்கிய கடனும், சென்ற மாதம் கொடுத்த கைமாற்றும், வருகிற வாரம் செய்யவேண்டிய வேலையும் எல்லாம் மனத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுபவர், அவற்றில் பாதியை இழந்துவிடுகிறார். இழந்தது எது என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. இந்தக் குறைக்குப் பரிகாரம் பெருஞ் செலவில் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பேனாவும், இராப்போஜனத்திற்குப் பின் கால் மணி நேரமும் போதும். அவற்றைக் கொண்டு குடும்ப காரியங்களை எவ்வாறு ஒழுங்கு செய்து கொள்ளலாம் என்பதைச் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடு யார் கையில் இருந்தது?

நமது பிரதேசத்தில் எழுதிவைக்கும் வழக்கம் புதிதன்று. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும் பகுதியை உட்கொண்டிருந்த செங்கற்பட்டு ஜாகீரில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஒரு விசாரணை நடத்தினார். ஏறக்குறைய 2000 ஊர்களின் வீடுகள், நிலங்கள், ஏரிகள், விளைச்சலில் அவரவர்க்குரிய பங்குகள் ஆகியவை அதில் பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிவைத்திருந்த கணக்குகளே அதற்கு ஆதாரம். பின்னர்க் கர்ணம் அடங்கலும் சிட்டாவும் வைத்திருந்தார். 1980இல் அப்பரம்பரை உத்தியோகம் நீக்கப்பட்டபின், கிராம நிர்வாக அலுவலரிடம் அக்கணக்குகள் சேர்ந்தன.

வர்த்தகரும் இவ்விஷயத்தில் பின்தங்கவில்லை. 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பெரிய துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்த நாள், சரக்கின் நிலை, சபையில் நடந்த பேச்சு ஆகியவற்றை அவ்வப்போதே எழுதிவைத்தார். 1904 தொடங்கிச் சென்னை அரசாங்கத்தார் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் 12 தொகுதிகளாக வெளியிட்டனர். நாள் தவறாமல் எழுதியதால் ஒரு வியாபாரியின் நினைவு ஒரு தேசத்தின் சரித்திரமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அரசாங்கத்திடம் ஏடு இருந்தது. கர்ணத்திடம் ஏடு இருந்தது. மளிகைக் கடைக்காரரிடமும், வட்டிக்குக் கொடுப்பவரிடமும் ஏடு இருந்தது. குடியானவர் வீட்டில் மட்டும், பால் கணக்குக்காகச் சுவரில் இழுத்த கரிக்கோடுதான் இருந்தது. வெள்ளையடித்தால் அதுவும் போயிற்று. தம்மைப் பற்றிய கணக்குகள் எல்லாம் பிறர் கையில் இருக்க, தம் கையில் ஒன்றும் இல்லாதவர் வழக்கு வந்தபோது என்ன சொல்ல முடியும்?

எழுதாததால் வரும் நஷ்டம்

ஒரு உதாரணம் கூறுவோம். ஒருவர் தனியாரிடம் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதவட்டி 400 ரூபாய். சில மாதம் தாமே கொடுத்தார். சில மாதம் மகன் கையில் கொடுத்தனுப்பினார். ஒரு மாதம் நெல்லாகவும் கொடுத்தார். பதினெட்டு மாதம் கழிந்து கணக்குத் தீர்க்கப் போனால், கடன் கொடுத்தவர் ஏட்டில் 13 மாதத்து வட்டியே வரவாகியிருக்கிறது. ஐந்து மாதத்திற்கு 2,000 ரூபாய் பாக்கி என்கிறார். கொடுத்தேன் என்பது இவர் மனச்சாட்சி. வரவில்லை என்பது அவர் ஏடு. இரண்டில் எது நிற்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பணம் கடன் கொடுப்பவர் முறையாகக் கணக்கு வைக்கவேண்டும், பெற்ற தொகைக்கு இரசீது தரவேண்டும் என்று 1957ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பணம் கடன் கொடுப்போர் சட்டம் விதிக்கிறது. ஆனால் இரசீதைக் கேட்டுப் பெறுவதும், பெற்ற தேதியைத் தம் புத்தகத்தில் பதிவதும் கடன் வாங்கியவர் செய்யவேண்டிய காரியம். சட்டம் நம் வீட்டிற்கு வந்து எழுதிவைக்காது.

சங்கக் கடனிலும் இதே விதிதான். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்ட வருஷத்திலேயே, நமது மாவட்டத்துத் திரூரில் சங்கம் ஒன்று தோன்றியதை அங்கத்தினர்கள் அறிவார்கள். அதற்கு முன்பே, 1895லும் 1897லும் விவசாய வங்கிகளைப் பற்றி இரு பாகமாக அறிக்கை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன், ஜெர்மானிய தேசத்தில் ரெய்பைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களையே இங்கும் நாடவேண்டும் என்று முடிவுரைத்தார். அச்சங்கங்களுக்கு அஸ்திவாரம் அங்கத்தினரின் நாணயம். நாணயம் என்பது மனத்தில் இருந்தால் மட்டும் போதாது; தவணைத் தேதியில் தெரியவேண்டும்.

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க் கடனைக் குறித்த தவணைக்குள் செலுத்துபவரிடம் வட்டி வாங்குவதில்லை. தவணை தவறினால் அந்தச் சலுகை போய்விடுகிறது. 60,000 ரூபாய் கடனுக்கு, வருஷத்திற்கு 7 சதவீத வட்டி மட்டும் என்று வைத்துக்கொண்டாலும் 4,200 ரூபாய் ஆகிறது. பணம் இல்லாமல் தவறுபவர் நிலை வேறு. பணம் கையில் இருந்தும் தேதியை மறந்து 4,200 ரூபாயைக் கொடுப்பது பரிதாபம் அல்லவா? அடகு வைத்த நகையின் தவணையும் அவ்வாறே. மறந்தவர் நகை ஏலத்திற்குப் போகும்.

பட்டணத்தை அடுத்த ஊர்களில் தேவை அதிகம்

ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற ஊர்களில் இத்தேவை முன்னைவிட இப்போது அதிகம். முன்பு குடியானவருக்குப் பஞ்சாங்கம் ஒன்றே போதுமானதாயிருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களும் மழையும் ஏரியும் அவர் நாட்களை வகுத்துவிட்டன. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டது. ஆவடியிலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று ஒரே குடும்பத்தில் தகப்பனார் நிலத்தைக் கவனிக்க, மகன் தொழிற்சாலையில் முறைவேலை பார்க்க, தாயார் மாடு வைத்துப் பால் ஊற்ற, மருமகள் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்றிருப்பது சாதாரணம். விதைக்கும் நாள் ஒன்று, சம்பள நாள் ஒன்று, பால் பணம் வரும் நாள் ஒன்று, குழுவின் தவணை ஒன்று, பள்ளிக் கட்டண நாள் ஒன்று. இத்தனை நாட்களையும் ஒருவர் தலையில் வைத்துக் காப்பது அரிது. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமலிருப்பதே பல வீடுகளில் மனஸ்தாபத்திற்கும் காரணம்.

புத்தகத்தை அமைக்கும் விதம்

புத்தகம் நன்றாகத் தைத்துக் கட்டியதாய் இருக்கவேண்டும். தனித் தாள்கள் காற்றோடு போகும். வாங்கிய அன்றே பக்கங்களுக்கு எண் இட்டுவிடுக. தாளைக் கிழிக்கக்கூடாது. பிழையாக எழுதியதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுக. அழித்த கணக்கை ஒருவரும் நம்பமாட்டார். புத்தகத்தை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்வது வசதி.

முதற் பகுதி, வரப்போகும் நாட்களுக்கு உரியது. ஒரு மாதத்திற்கு இரண்டு பக்கம் ஒதுக்கித் தேதிகளை வரிசையாக எழுதுக. கடன் வாங்கிய அன்றே தவணைத் தேதியை அதற்குரிய மாதத்தில் குறிப்பதோடு, முப்பது நாளுக்கு முன்னும் ஏழு நாளுக்கு முன்னும் ஞாபகக் குறிப்பு எழுதிவிடுக. தவணை நாளில் மட்டும் எழுதினால், அன்று பணத்திற்கு எங்கே போவது?

பயிருக்கும் இப்பகுதி உதவும். 110 நாள் வயதுள்ள ஏ.டி.டி. 43 நெல்லை நவரையில் டிசம்பர் 26இல் நாற்றங்காலில் விட்டதாகக் கொள்வோம். 25 நாள் நாற்று எனில் ஜனவரி 20இல் நடவு. ஏப்ரல் 15ஐ ஒட்டி அறுவடை. தூர்கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் மேலுரம் இடவேண்டும். விதைத்த அன்றே இந்நாட்களைக் குறித்துவிட்டால், உரத்திற்குச் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அறுவடை இயந்திரத்திற்கும் ஏற்பாடு செய்யலாம். பயிர்க் காப்பீட்டிற்குக் கடைசி நாளையும் அங்கேயே எழுதவேண்டும். நாள் கடந்தபின் வந்த வெள்ளத்திற்குக் காப்பீடு இல்லை.

இரண்டாம் பகுதி, தினசரி வரவு செலவு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. இரவில் கையிருப்பை எண்ணிப் பார்த்து, ஏட்டிலுள்ள இருப்போடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும். காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை இலண்டனில் படித்த காலத்தில், வண்டிச் சத்தம், தபால் செலவு ஆகிய சில்லறைகளையும் விடாமல் எழுதி, படுக்கைக்குப் போகுமுன் கணக்கைச் சரிபார்த்துவந்ததாகத் தம் சரித்திரத்தில் கூறியுள்ளார். பிற்காலத்தில் பெரும் பொதுப்பணங்களை அவர் கையாண்டதற்கு அப்பழக்கமே துணையாயிற்று.

மூன்றாம் பகுதி, தொழிற் கணக்கு. பயிருக்கு ஒரு பக்கம், மாட்டிற்கு ஒரு பக்கம் என்று தனித்தனியே இருக்கவேண்டும். உதாரணமாக, ஒரு பசு காலையில் 4 லிட்டரும் மாலையில் 3 லிட்டரும் கறந்தால் முப்பது நாளில் 210 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் என்று கொண்டால் 7,350 ரூபாய். அம்மாதத்துத் தீவனம் 4,900, வைத்தியம் 450 எனில் மிச்சம் 2,000 ரூபாய். மொத்த வரவை மட்டும் பார்ப்பவர் தமக்கு ஏழாயிரம் லாபம் என்று எண்ணிச் செலவு செய்கிறார். கடன் ஏன் குறையவில்லை என்று பின்னர் வியக்கிறார். வீட்டிற்கு எடுத்துக்கொண்ட பாலையும் எழுதுக, அதுவும் வருமானமே. பால் சங்கத்தில் அளவோடு கொழுப்புச் சத்தும் இதர சத்தும் பார்த்து விலை கொடுப்பதால், அவற்றையும் குறித்துவந்தால் தீவனத்தை மாற்றியதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

நான்காம் பகுதி, கடனும் கைமாற்றும். யார், எவ்வளவு, எந்தத் தேதி, என்ன வட்டி, யார் முன்னிலையில் என்ற ஐந்தும் எழுதப்படவேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு தவணைக்கும் இரசீது எண்ணைப் பதிவு செய்க. இக்காலத்தில் இயந்திரத்தில் அச்சாகி வரும் சிறு சீட்டுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கி மறைந்துவிடுகிறது. சீட்டைப் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது, அதிலுள்ள எண்ணையும் தொகையையும் உடனே எழுதிக்கொள்ளவேண்டும்.

சில ஆட்சேபங்கள்

கைபேசி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று இளைஞர் கேட்கக்கூடும். கைபேசி நல்ல துணைதான். தவணை நாளில் மணியடித்து எழுப்ப அதைப் பயன்படுத்துக. ஆனால் அது ஒருவர் சட்டைப்பையில் இருப்பது. புத்தகமோ குடும்பத்திற்குப் பொது. மாமியாரும் மருமகளும் ஒரே பக்கத்தைப் பார்க்கலாம். கைபேசி பழுதானாலும் புத்தகத்திலுள்ள கணக்கு போகாது.

எழுதத் தெரியாதே என்பவருக்கும் வழியுண்டு. பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுத, பெரியவர் சொல்லலாம். எழுதியதைப் பிள்ளை உரக்கப் படித்துக் காட்டவேண்டும். வீட்டின் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதைப் பிள்ளையும் அறிந்துகொள்ளும். 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய மகளிர் குழுக்களில், முன்பு கையெழுத்துப் போடவும் அறியாத பெண்கள் பலர், தீர்மானப் புத்தகமும் சேமிப்புக் கணக்கும் வைத்து நடத்திவருகிறார்கள். குழுவின் கணக்கை வைக்கத் தெரிந்தவர் குடும்பக் கணக்கை வைக்க முடியாது என்று சொல்லுவது பொருந்துமா?

நேரமில்லை என்பது மூன்றாவது ஆட்சேபம். நேரமில்லாதவருக்குத்தான் இப்புத்தகம் மிகவும் வேண்டும். திருக்குறளில் வலியறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதன்பின் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுக்கப்பட்டிருக்கின்றன. அவை அரசனுக்குக் கூறியவை. ஆனால் தம் கையிருப்பின் வலியும், காரியத்தின் காலமும் அறியவேண்டியது குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும் அரசனைவிடக் குறைந்த அவசியம் அன்று.

முடிவாக

முதல் மாதத்தில் நான்கு பகுதிகளையும் ஒருங்கே தொடங்கிச் சலித்து விட்டுவிடுபவர் பலர். ஆதலால் முதலில் கடன் பகுதியையும் தவணைத் தேதிகளையும் மட்டும் எழுதுக. அடுத்த மாதம் தினசரி வரவு செலவைச் சேர்த்துக்கொள்க. தொழிற் கணக்கு அதன்பின் தானே வரும். ஒரு நாள் எழுதத் தவறினால் மறுநாள் எழுதுக. ஒரு வாரம் தவறினால் அதற்காகப் புத்தகத்தையே மூடிவிடவேண்டாம்.

மாதக் கடைசியில் குடும்பத்தார் எல்லோரும் கூடி ஒரு முறை புத்தகத்தைப் புரட்டவேண்டும். எதற்கு அதிகம் செலவாயிற்று, வரும் மாதம் எந்தத் தவணை வருகிறது, எதை ஒத்திப்போடலாம் என்று பேசி முடிவு செய்க. சங்கத்திற்குக் கடன் கேட்டுச் செல்லும்போதும் அப்புத்தகத்தைக் கையில் எடுத்துச் செல்லலாம். தமக்கு எவ்வளவு வேண்டும், எப்போது திருப்ப முடியும் என்பதைக் கணக்கோடு சொல்லும் அங்கத்தினர், தேவைக்கு மேல் கடன் வாங்கவும் மாட்டார். தவணை தவறவும் மாட்டார். அத்தகைய அங்கத்தினர் நிறைந்த சங்கமே உறுதியாக நிற்கும்.

பிறர் ஏட்டில் நம் பெயர் எழுதப்பட்டிருப்பதைத் தடுக்க இயலாது. நம் ஏட்டையும் நாம் எழுதிவைத்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, முதற் பக்கத்தில் தேதியை இட்டு, கையிருப்பையும் தீர்க்கவேண்டிய கடன்களையும் எழுதித் தொடங்குக.