அடங்கினால் நீலம், அழுதால் சிவப்பு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி தன் பேத்தியைத் தோட்டத்துக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். பிள்ளைக்குப் பதினைந்து வயதிருக்கும். "பொறந்ததிலேருந்து ஒரு பக்க மூக்குல சளி நிக்கவே இல்ல டிரெஸரையா. நல்லெண்ணெய் விட்டாச்சு, நொச்சி போட்டு ஆவி புடிச்சாச்சு, சொட்டு மருந்தும் வாங்கி ஊத்தியாச்சு" என்றார்.

எவர்சில்வர் கரண்டி ஒன்றைத் துடைத்து மூக்கின் கீழே பிடித்தேன். இடது துவாரத்துக்கு நேரே ஆவி படர்ந்தது. வலது பக்கம் கரண்டி பளபளவென்று அப்படியே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், உள்ளே வழியை அடைத்து நின்றது எலும்பு என்று தெரிந்தது.

நம் மூக்குத் துவாரங்கள் உள்ளே நீண்டு, தொண்டையின் மேல்பகுதியில் இரண்டு பின்வாசல்களாகத் திறக்கின்றன. கரு உருவான இரண்டாம் மாதத்தில் அங்குள்ள மெல்லிய திரை கிழிந்து வழி உண்டாகும். சில பிள்ளைகளுக்கு அது உண்டாவதில்லை. இதற்குக் கோவேனல் அட்ரீசியா என்று பெயர். ஏறக்குறைய 5,000 முதல் 8,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. பெண் பிள்ளைகளுக்கே அதிகம்.

பழைய புத்தகங்களில் 90 விழுக்காடு எலும்படைப்பு, 10 விழுக்காடு சவ்வடைப்பு என்று போட்டிருக்கும். ஸ்கேன் வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. சுமார் 30 விழுக்காடு முழு எலும்பு; மற்றவை எலும்பும் சவ்வும் கலந்தவை. வெறும் சவ்வு மட்டும் என்பது அபூர்வம்.

இன்னொன்றும் ஸ்கேனில் தெரிந்தது. வழியில் ஒரு கதவு சாத்தியிருப்பதுபோல் மட்டும் இல்லை. சுற்றியுள்ள மண்டை எலும்புகளே வேறு மாதிரி அமைந்திருக்கின்றன. மூக்கின் நடுச்சுவரில் பின்பக்கமாக வோமர் என்ற எலும்பு இருக்கிறது. லத்தீனில் அதற்கு ஏர்க்கொழு என்று அர்த்தம், வடிவமும் அப்படித்தான். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதன் பின்பகுதி சராசரி 2.3 மில்லிமீட்டர் பருமன் இருக்கும். இவர்களுக்கு அது தடித்துப் போயிருக்கும். பக்கத்தில் இறக்கைபோல் நிற்கும் டெரிகாய்டு தகடுகள் உட்பக்கமாக நெருங்கி வந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வாசலை இறுக்கிவிடும். எலும்பை எண்ணெய் கரைக்குமா, ஆவி கரைக்குமா? அந்தப் பிள்ளைக்கு டாக்டர்கள் மூக்கு வழியாகவே கருவியை விட்டு, அடைப்பையும் வோமரின் பின்பகுதியையும் குடைந்து எடுத்தார்கள். தழும்பு வளர்ந்து மறுபடி குறுகலாம் என்பதால் தொடர்ந்து வரச் சொன்னார்கள்.

ஒரு பக்கம் அடைத்திருந்தால் பல வருஷம் தெரியாமலே போகும். (சின்னப் பிள்ளைக்குத் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால், முதலில் மணியோ புளியங்கொட்டையோ உள்ளே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.) இரண்டு பக்கமும் அடைத்திருந்தால்தான் ஆபத்து. பச்சைக் குழந்தை மூக்கால்தான் மூச்சுவிடப் பார்க்கும். வாயை மூடினால், பால் குடித்தால் நீலம் பாய்ந்துவிடும். அழ வாயைத் திறந்ததும் சிவந்துவிடும். அடங்கினால் மறுபடி நீலம். செவ்வாப்பு, தோஷம் என்று மந்திரிக்க ஓடி நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 999-க்கு அழையுங்கள். பால் கொடுக்க வேண்டாம். மோவாயை மெல்லக் கீழே இழுத்து, வாய் திறந்தபடியே வைத்திருங்கள். அழுதால் அழட்டும், அந்த அழுகைதான் மூச்சு. ஆஸ்பத்திரியில் வாய்க்குள் வளைந்த சிறு குழாய் ஒன்றை வைத்துக் காற்றுக்கு வழி செய்வார்கள். மூக்கில் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்து அடைப்பையும் கண்டுபிடிப்பார்கள். கண், இருதயம், காது ஆகியவற்றையும் சோதிப்பார்கள். சார்ஜ் என்ற பிறவிக் கோளாறில் இவையும் சேர்ந்தே பாதிக்கப்படும். அதற்குக் காரணமான மரபணுவை 2004-இல் கண்டறிந்தார்கள்.

தைராய்டுக்குக் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பமானால், அல்லது பிள்ளைக்கு யோசனை இருந்தால், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த அடைப்புக்கும் அந்த மருந்துக்கும் தொடர்பு உண்டு. அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். எத்தனை பிள்ளை வளர்த்த பாட்டி சொன்னாலும் சரி, ஊதாதீர்கள்.