‘அன்று நான் எங்கிருந்தேன்’: தேசியத் துயர நாள் நினைவுகளும் வாய்மொழி வரலாற்று ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டை உலுக்கிய துயரச் செய்தியைக் கேட்ட கணத்தில் தாம் எங்கிருந்தோம் என்பதைப் பலர் பல்லாண்டுகள் கழிந்தும் ஐயமின்றிக் கூறுவர். உளவியலில் ‘ஃபிளாஷ்பல்பு மெமரி’ எனப்படும் இந்நினைவை இக்கட்டுரை ‘பளிச்சொளி நினைவு’ எனக் குறிக்கிறது. அதன் இயல்பை விளக்கி, தன்வரலாறுகளையும் வாய்மொழிச் சான்றுகளையும் கையாளும் தமிழாய்வாளர் அதனை மதிப்பிடும் முறையை எடுத்துரைப்பது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: பளிச்சொளி நினைவு, தன்வரலாறு, வாய்மொழி வரலாறு, சாட்சியம், எடுத்துரைப்பு

1. முன்னுரை

காந்தியடிகள் 1948 சனவரி 30 மாலை தில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31 காலையில் சுடப்பட்டார். ராஜீவ் காந்தி 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடிப்பில் உயிரிழந்தார். இந்நாள்களை நினைவுகூர்வோர் நிகழ்வை மட்டும் கூறுவதில்லை. அச்செய்தி வந்தபோது தாம் இருந்த இடம், செய்துகொண்டிருந்த வேலை, செய்தியைச் சொன்னவர் ஆகியவற்றையும் சேர்த்தே கூறுகின்றனர். வாய்மொழித் தரவுகளைத் திரட்டும் ஆய்வாளர்க்கு இத்தகைய கூற்றுகள் எளிதில் கிடைக்கின்றன. சொல்பவரின் உறுதியே அவற்றை நம்பத்தக்க சான்றாகத் தோன்றச் செய்கிறது. இவ்வுறுதியை உண்மையின் அளவுகோலாகக் கொள்ளலாமா என்பதே இங்கு எழும் வினா.

2. கருத்தாக்கத்தின் தோற்றம்

இத்துறையின் முன்னோடி ஆய்வு 1899ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கிருந்தீர்கள் என்று எஃப். டபிள்யூ. கோல்குரோவ் 179 பேரிடம் வினவினார். அவருள் 127 பேர் முழு விவரங்களுடன் விடையளித்தனர். எனினும் அவ்விடைகள் சரியானவையா என்பதைச் சோதிக்க அவரிடம் வழியில்லை.

1977இல் ரோஜர் பிரௌன், ஜேம்ஸ் குலிக் ஆகியோர் இந்நினைவுக்குப் பெயரிட்டனர். இருளில் ஒளிப்படக் கருவியின் விளக்கு ஒரு கணம் பளிச்சிட்டு, எதிரிலுள்ள அனைத்தையும் பதிவு செய்வது போல, வியப்பும் முக்கியத்துவமும் மிக்க செய்தி அதைக் கேட்கும் சூழலையும் மனத்தில் பதித்துவிடுகிறது என்பது அவர்களின் கருத்து. இடம், செய்துகொண்டிருந்த செயல், செய்தி தந்தவர், தம் உணர்ச்சி, பிறர் உணர்ச்சி, அடுத்து நிகழ்ந்தது என ஆறு கூறுகள் இந்நினைவுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதை அவர்கள் சுட்டினர்.

அவ்வாய்வின் மற்றொரு முடிவும் கருதத்தக்கது. வெள்ளையர் 40 பேரும் கறுப்பினத்தவர் 40 பேரும் அதில் பங்கேற்றனர். 1963இல் நிகழ்ந்த கென்னடி கொலை குறித்து ஏறத்தாழ அனைவரிடமும் பளிச்சொளி நினைவு காணப்பட்டது. 1968இல் நிகழ்ந்த மார்ட்டின் லூதர் கிங் கொலை குறித்தோ கறுப்பினத்தவருள் 30 பேரும் வெள்ளையருள் 13 பேருமே அத்தகைய நினைவைக் கொண்டிருந்தனர். ஒரு துயரம் ‘தேசியத் துயரம்’ எனப் பெயர் பெற்றாலும், அது நாட்டினர் அனைவருடைய நினைவிலும் ஒரே வகையாகப் பதிவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

3. நினைவின் வடிவமும் கதையின் வடிவமும்

உல்ரிக் நைசர் 1982இல் இக்கருத்தை மறுத்தார். ஆறு கூறுகளும் மூளையின் பதிவுமுறையால் அமைந்தவை அல்ல. செய்தி வந்த கதையைச் சொல்லும் எவரும் பின்பற்றும் எடுத்துரைப்பு மரபால் அமைந்தவை என்றார். இந்நினைவுகளை அவர் ஒளிப்படங்களாகக் கொள்ளவில்லை; தனிமனித வாழ்வு நாட்டின் வரலாற்றோடு இணையும் இடங்களில் நாட்டப்பட்ட எல்லைக்கற்களாகக் கண்டார். ‘இவ்வரலாற்றில் நானும் இருந்தேன்’ என்று கூறுவதே அவற்றின் பணி.

தமிழ் இலக்கிய வாசகர்க்கு இம்மரபு புதிதன்று. சிலப்பதிகாரத் துன்பமாலையில் கோவலன் கொலையுண்ட செய்தி கண்ணகியை வந்தடையும் முறையை நோக்கலாம். இடம் ஆயர் சேரி. குரவையாடி முடித்த வேளை. நகரில் எழுந்த ஆரவாரம் கேட்டு விரைந்து வந்த ஒருத்தி வாய்திறவாது நிற்கிறாள். கண்ணகி அவளை வினவுகிறாள். செய்தி வெளிப்பட்டதும் பொங்கி எழுந்து வீழ்கிறாள். இடம், செயல், செய்தி தந்தவர், உணர்ச்சி, பின்நிகழ்வு என்னும் கூறுகள் இங்கும் வரிசையுற அமைந்துள்ளன. துயரச் செய்தி வந்ததைச் சொல்ல மொழி ஏற்கெனவே ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது. நினைவுகூர்வோர் அவ்வடிவத்தை நிரப்புகின்றனர். மறந்துபோன கூறு ஒன்றின் இடத்தில் பொருத்தமான வேறொன்று வந்தமர்வதற்கு இதுவே வழியாகிறது.

4. உறுதியும் துல்லியமும்

1986 சனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். மறுநாள் காலையிலேயே நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எமரி பல்கலைக்கழக மாணவர் 106 பேரிடம், செய்தியைக் கேட்ட சூழலை எழுதி வாங்கினர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவருள் 44 பேரிடம் மீண்டும் அதே வினாக்கள் கேட்கப்பட்டன. 11 பேரின் இரண்டாம் விடை முதல் விடையுடன் எந்த முதன்மைக் கூறிலும் பொருந்தவில்லை. முழுமையாகப் பொருந்தியவர் மூவரே. ஆயினும் தவறாகக் கூறியவர் பலர் மிகுந்த உறுதியுடன் கூறினர்.

ஒரு மாணவி, வகுப்பறையில் பிறர் பேசக் கேட்டதாக முதலில் எழுதியிருந்தார். பின்னர், விடுதி அறையில் தோழியுடன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது அறிந்ததாகக் கூறினார். தம் கையெழுத்திலுள்ள பழைய விடைத்தாள்களைக் காட்டியபோதும் மாணவர்களுக்குப் பழைய நினைவு மீளவில்லை. பின்னர் மீண்டும் மீண்டும் கண்ட தொலைக்காட்சிக் காட்சி முதற்கேள்வியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது எனலாம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலின் மறுநாள் ஜெனிஃபர் டலாரிகோ, டேவிட் ரூபின் ஆகியோர் தொடங்கிய ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. அத்தாக்குதல் பற்றிய நினைவையும் அன்றாட நிகழ்வொன்றின் நினைவையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரண்டும் ஒரே அளவில் மாறுபட்டன. ஆனால் தாக்குதல் பற்றிய நினைவில் மட்டும் தெளிவுணர்வும் நம்பிக்கையும் குறையாதிருந்தன. பளிச்சொளி நினைவின் தனித்தன்மை அதன் துல்லியத்தில் இல்லை, அது தரும் உறுதியில் உள்ளது என்பது இவ்வாய்வின் முடிவு.

5. கேட்டவரும் பட்டவரும்

இம்முடிவை எல்லாச் சாட்சியங்களுக்கும் பொதுவாக்குவது பெரும் பிழையாகும். 1989இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தை நேரில் உணர்ந்தவரையும், தொலைவிலுள்ள அட்லாண்டாவில் செய்தியாகக் கேட்டவரையும் நைசர் குழுவினர் ஒப்பிட்டனர். ஒன்றரை ஆண்டுகள் கழிந்தபின் நேரில் பட்டவர் நினைவு ஏறத்தாழ மாறாதிருந்தது. செய்தியாகக் கேட்டவர் நினைவு அவ்வாறு இல்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பற்றிய தமிழ்ச் சான்றுகளுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரையில் அலையைக் கண்டு ஓடியவரின் கூற்று பட்டறிவு. உள்மாவட்டத்தில் தொலைக்காட்சி வழியே அறிந்தவரின் கூற்று கேள்வியறிவு. பின்னதன் நெகிழ்ச்சியைக் காட்டி முன்னதை ஐயுறுவது, இழந்தவர்க்கு மேலும் ஓர் இழப்பை உண்டாக்குவதாகும்.

6. பிழையும் சான்றாதல்

மாறிய நினைவு பயனற்றதன்று. இத்தாலியின் தெர்னி நகரத் தொழிலாளி லூயிஜி திராஸ்துல்லி 1949இல், நேட்டோ உடன்படிக்கையை எதிர்த்த கூட்டத்தின்போது காவல்துறையினரால் கொல்லப்பட்டார். அந்நகரத் தொழிலாளர் பலர் அவர் 1953இல், ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் இறந்ததாகக் கூறியதை அலெசாந்த்ரோ போர்ட்டெல்லி கண்டறிந்தார். அவர் அதைத் தள்ளவேண்டிய தவறாகக் கொள்ளவில்லை. தம் வாழ்வைப் புரட்டிப்போட்ட போராட்டத்தோடு அச்சாவை இணைத்ததன் வாயிலாக மக்கள் அதற்குப் பொருள் தந்தனர் என விளக்கினார். அவ்விளக்கம் இயன்றது, உண்மை நாளை அவர் ஆவணங்களால் முதலில் உறுதி செய்திருந்தமையால்தான்.

7. ஆய்வாளர் கடைப்பிடிக்கத்தக்கவை

முதலாவதாக, நிகழ்ந்த நேரம், அறிவிக்கப்பட்ட நேரம், கேட்ட நேரம் ஆகிய மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். 1984இல் இந்திரா காந்தி காலையில் சுடப்பட்டபோதும், அவர் இறந்த செய்தியை அகில இந்திய வானொலி மாலையில்தான் முறைப்படி அறிவித்தது. பிபிசி வழியாக அது முன்னரே பரவியிருந்தது. எனவே நண்பகலில் அறிந்ததாகக் கூறுவோரிடம் எந்த ஊடகம், யார் வழி எனத் தொடர்ந்து வினவுதல் தேவை. 1991இல் நிகழ்வு இரவு 10 மணிக்குப் பின் நேர்ந்ததால், மறுநாள் விடிந்தபின் அறிந்தவர் மே 22ஐயே துயர நாளாகக் கூறக்கூடும். அது நிகழ்வைப் பற்றிப் பிழை. செய்தி வந்த வரலாற்றுக்குச் சான்று.

இரண்டாவதாக, பின்னாளில் கேட்டதும் கண்டதும் நினைவில் கலந்துள்ளனவா என நோக்குதல் வேண்டும். காந்தியடிகள் மறைந்த இரவில் நேரு வானொலியில் ஆற்றிய உரை பிற்காலத்தில் பலமுறை ஒலிபரப்பாகியும் அச்சாகியும் பரவியது. அவ்வுரையை அன்றே கேட்டதாகக் கூறுபவர் ஊரில் அன்று வானொலிப் பெட்டி இருந்ததா என்பது சிறிய வினா. ஆயினும் தேவையான வினா.

மூன்றாவதாக, நாட்குறிப்பு, கடிதம் முதலிய உடன்காலப் பதிவு கிடைப்பின் ஒப்பிட்டு, இரண்டு வடிவங்களையும் காத்தல் வேண்டும். ஒன்றைக்கொண்டு மற்றதைத் திருத்தி எழுதலாகாது.

8. முடிவுரை

‘அன்று நான் எங்கிருந்தேன்’ என்னும் கூற்று, அன்றைய நிகழ்வுக்கும் இன்றைய சொல்பவர்க்கும் ஒருசேரச் சான்றாகிறது. முதலாவதற்கு அதனைச் சோதித்தே ஏற்க வேண்டும். இரண்டாவதற்கு அது மாறியிருப்பினும் மதிப்புடையது. சொல்பவரின் உறுதி உண்மைக்கு உறுதியாகாது. அவர் கூற்று மாறியமை பொய்க்கு அடையாளமும் ஆகாது. கேட்டவரையும் பட்டவரையும் பிரித்து வினவும் ஆய்வே இருவருக்கும் நேர்மை செய்வதாக அமையும்.