காற்றுக்கும் ஒரு தட்டு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் உப்புப் போத்தலை மூடாமல் வைத்தால் அடுத்த நாளே உப்புக் கசியத் தொடங்கிவிடும். எல்லாச் சமையலறைகளுக்கும் பழக்கமான இந்தச் சங்கதிக்கு இரசாயனத்தில் ஓர் எண் இருக்கிறது. ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் இருக்கிறதோ, அதுவே சாரீரப்பதன். அது ஏறத்தாழ 75ஐத் தாண்டியதும் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்து நீரை இழுத்து அந்த நீரிலேயே கரையத் தொடங்குகிறது. கொழும்பில் ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் இந்த எல்லை கடக்கப்படுகிறது. உப்பைக் கசியவைக்கும் அதே காற்றுத்தான் அலுமாரிக்குள்ளும், கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த சூட்கேசுக்குள்ளும், கதவுக்குப் பின்னால் அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்குள்ளும் புகுந்து தங்குகிறது. சிறிய வீட்டில் சாமான்களைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் அழகையும் மன அமைதியையும் காரணமாகக் காட்டுவார்கள். கொழும்புக்கு அவற்றைவிட உறுதியான காரணம் ஒன்று உண்டு. நெருக்கி அடைத்துவைத்த பொருள் இந்த ஊரில் பாதுகாக்கப்படுவதில்லை, மெதுவாக அழிகிறது. எதையேனும் காப்பாற்றி வைக்க விரும்புகிறவர்தான் முதலில் சாமான்களைக் குறைக்க வேண்டியவர்.

மன அமைதி பற்றிய வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. ஜப்பானிய எழுத்தாளர் மரீ கொண்டோ வீட்டைக் கழித்து ஒழுங்காக்குவது பற்றி எழுதிய புத்தகம் 2011இல் வெளியானபின் உலகெங்கும் அந்த வாதம் பரவியது. அதற்கு முன்பே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் சென்று பொருட்களை எண்ணிப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். தம் வீடு சாமான் நிறைந்து குழம்பிக் கிடக்கிறது என்று விவரித்த பெண்களின் உடலில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோட்டிசோல் மாலையில் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கவில்லை என்று 2010இல் வந்த கட்டுரை காட்டியது. ஆனால் அந்த வீடுகளில் சாமான் நிரம்பி வழிந்த இடம் கார் நிறுத்தும் கொட்டகை. கொழும்பிலோ, கொட்டாஞ்சேனையின் பழைய வரிசை வீடுகளுக்கு முன்னாலும் பின்னாலும் மட்டுமே வெளிச்சம் வரும்; இரு பக்கச் சுவரும் அயல் வீட்டாருக்கும் பொது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலோ ஒரு யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். இங்கே சாமான் கண்ணை மட்டும் மறைப்பதில்லை, காற்றையும் மறிக்கிறது.

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 28 கனமீற்றர். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 75 என்றால் அந்த அறையின் காற்றில் மட்டும் 640 கிராம் அளவு நீர் ஆவியாக இருக்கிறது. உறங்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரைக் காற்றில் சேர்க்கிறார். நான்கு பேர் எட்டு மணிநேரம் படுத்தால் அது ஒரு லீற்றரைத் தாண்டும். சமையலும், மழைக்கு உள்ளே காயப்போட்ட உடுப்புகளும் தனிக் கணக்கு. மேலே சொன்ன காற்று 25 பாகைக்குக் குளிர்ந்தால் அதற்குமேல் ஆவியைத் தாங்கமாட்டாமல் நீராக இறங்கும். இப்போது பக்கத்து அறையில் ஏசி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடைச்சுவர் இந்தப் பக்கமும் குளிரும். அந்தச் சுவரோடு ஒட்டி அலுமாரியை வைத்தால், அறையின் சூடு சுவரைத் தொடாதபடி அலுமாரியே போர்வையாகிவிடும். சுவரின் மேற்பரப்பு 26 பாகை வரை இறங்கினால் அங்கே சாரீரப்பதன் 90ஐத் தாண்டிவிடும். அறையின் நடுவே நிற்பவருக்கு எல்லாம் சாதாரணமாகவே தெரியும்; அலுமாரியின் முதுகு மட்டும் நனைந்துகொண்டிருக்கும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கு மழை கடற்பக்கச் சுவரில் அறையும்போதும், கொட்டாஞ்சேனையின் பழைய சுவர்கள் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும்போதும் ஏசி இல்லாமலே இது நடக்கும். சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே கைபோகும் அளவு இடைவெளி இருந்தால் காற்று அசையும், சுவர் காயும். அந்த இடைவெளிக்கு வழி இல்லாத வீட்டில் அலுமாரி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

துணியும் கடதாசியும் இதில் வெறும் பாதிக்கப்பட்ட தரப்பு அல்ல. அவை நீரைத் தேக்கிவைப்பவை. 65 விழுக்காடு ஈரப்பதனில் உலர்ந்த பருத்தி தன் எடையில் எட்டரை விழுக்காடு நீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பது நெசவுத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. கொழும்புக் காற்றில் அது இன்னும் கூடும். அதாவது ஒரு வீட்டில் நூறு கிலோ துணியும் கடதாசியும் அடைந்து கிடந்தால், கைக்குக் காய்ந்ததாகவே தெரியும் அந்தக் குவியலுக்குள் பத்து லீற்றருக்குக் கிட்டிய நீர் இருக்கிறது. இப்படி நீரை வாங்கிக்கொள்ளும் பொருட்கள் அறையின் ஈரத்தைச் சமப்படுத்துமே, அது நல்லதுதானே என்று பௌதிகம் படித்தவர்கள் கேட்கலாம். ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும் ஊரில் அது சரி. சராசரியே உயரத்தில் நிற்கும் ஊரில் சமப்படுத்துவது என்றால் ஈரத்தை நிரந்தரமாக்குவதுதான். பூஞ்சணத்துக்கு அதுவே போதும். நீர் சொட்ட வேண்டும் என்று அது காத்திருப்பதில்லை. மேற்பரப்பில் ஈரப்பதன் 70, 75 என்று நாட்கணக்கில் நீடித்தாலே வளரக்கூடிய அஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் உண்டு. நுண்ணிய தூசுப் பேன்கள் நீர் குடிப்பதே இல்லை, காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சி வாழ்கின்றன. அவற்றின் கழிவு ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கொண்டுவரும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டல், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுவதைத் திட்டமாகச் சொல்கிறது. பூச்சி உருண்டை போட்டிருக்கிறோமே என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. அது அந்துப்பூச்சியை விரட்டலாம், பூஞ்சணத்தை அது தடுக்காது.

பல்கனியின் கதை வேறு, ஆனால் சுருக்கமானது. ஐஸ்கிறீம் பெட்டி, பெயின்ற் வாளி, பூச்சட்டியின் அடித்தட்டு, என்றோ தேவைப்படும் என்று வைத்த மூடியில்லா ரின் எல்லாமே மழைக்காலத்தில் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் தொட்டில்கள். அதன் முட்டை நீரில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர் பட்டபின் ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பாகிவிடும். இலங்கையில் 186,101 டெங்கு நோயாளிகள் பதிவான 2017ஐ மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. 1958இலும் 1983 யூலையிலும் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் வீட்டோடு எல்லாம் எரிவதைப் பார்த்தவர்கள் இந்தத் தெருக்களில் வாழ்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்து நடந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பொருட்களைக் கழியுங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? இதற்கு உளவியலில் உடனே ஒரு பதில் கிடைக்கும். கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட பரிசோதனையில், சற்றுமுன் கையில் கொடுக்கப்பட்ட ஒரு கோப்பையை விற்கச் சொன்னபோது, வாங்க வந்தவர்கள் தர நினைத்ததைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் விலை கேட்டார்கள். நம்முடையது என்றானதுமே பொருளின் மதிப்பு மனத்தில் ஏறிவிடுகிறது. வெறுமையான பால்மா ரின்களும் கடைப் பைகளும் வீட்டை விட்டுப் போகாததற்கு இது நல்ல விளக்கம். இறந்துபோன தாயின் கூறைச்சேலைக்கு இந்த விளக்கம் போதாது. போதும் என்று சொல்வது தவறு. அந்தச் சேலை ஒரு குடும்பத்தின் சாட்சி. அதனால்தான் அதைப் பத்துப் பதினைந்து சேலைகளுக்கு அடியில், வருடக்கணக்காக ஒரே மடிப்பில் அமுக்கி வைக்கக்கூடாது. பட்டு மடிப்பில் இற்றுப்போகும். ஈரக்காற்றில் சரிகையின் வெள்ளி கறுக்கும். ஒட்டும் தாள் கொண்ட பழைய அல்பங்களில் படத்தின் ஜெலற்றின் படலம் ஈரத்தில் உப்பிப் பிளாஸ்ரிக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இழுத்தால் முகம் கிழிந்து வரும். பாலம் கடந்தபோது கைக்கு அடங்கியதை மட்டுமே கொண்டுவர முடிந்தது. அப்போது எவற்றை எடுத்தார்களோ அவற்றுக்கே இன்று வீட்டில் நல்ல இடம் கிடைக்க வேண்டும். நடைமுறையில் அவை பெட்டிகளுக்கு அடியிலும், நல்ல தட்டுகளில் வெளிநாட்டு உறவினர் விட்டுப்போன கம்பளி உடுப்புகளும் இருக்கின்றன.

தட்டுப்பாட்டைக் கண்ட நாடு என்பதும் உண்மை. எழுபதுகளில் பாணுக்கு வரிசை, 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசை. இனி வராது என்று யாரும் உறுதி தர முடியாத நிலையில் வீட்டில் கொஞ்சம் சேர்த்து வைப்பது புத்தியுள்ள செயல். எடுத்துப் பாவித்து மறுபடி நிரப்பும் சேமிப்புக்கு இங்கே எந்த எதிர்ப்பும் இல்லை. பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். இடம் இல்லாத தட்டில் பழையது பின்னால் மறைந்து, பருப்பில் வண்டு விழும், பால்மா ஈரம் இழுத்துக் கட்டியாகும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாமே என்பவர்கள் மின்கட்டணத்தையும் நினைக்க வேண்டும். 2022 ஓகஸ்டில் மட்டும் சராசரியாக 75 விழுக்காடு ஏறியது. அந்த இயந்திரத்தை வாங்கி ஓட்டக்கூடிய வீடுகள் ஓட்டட்டும். மற்றவர்களுக்குச் செலவில்லாத ஒரே உலர்த்தி அசையும் காற்று.

கழித்ததை எங்கே போடுவது? இந்தக் கேள்வியைக் கொழும்பில் எழுந்தமானமாகக் கடந்துபோக முடியாது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். வசதியுள்ள வீடுகள் கழித்தவை வசதியற்ற வீடுகளின் மேல் விழுந்தன. ஆகவே ஒரே நாளில் வீட்டைத் துடைத்து எல்லாவற்றையும் தெருவில் வைக்கும் கொண்டாட்டம் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் பொருள் எப்போது குப்பையாகிறது என்று கவனியுங்கள். நல்ல நிலையில் உள்ள சப்பாத்தும் பள்ளிப் பையும் கம்பளியும் வேறொருவருக்கு இன்று பயன்படும். எட்டு வருடம் பூட்டிவைத்துப் பூஞ்சணம் பிடித்தபின் கொடுத்தால் வாங்குபவர் இல்லை. அந்தப் பொருளைக் குப்பையாக்கியது கழித்த நாள் அல்ல, வைத்திருந்த வருடங்கள். நேரத்தோடு கொடுக்கும் வீட்டிலிருந்து குப்பைமேட்டுக்குப் போவது குறைவு.

கடைசியாகக் கடதாசி. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பதிவுத் துண்டு இவை எல்லா வீட்டிலும் உண்டு என்றாலும், கொழும்புத் தமிழருக்கு அவற்றின் எடை வேறு. 2007 யூன் 7 அதிகாலையில் நகரின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஏன் இங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்குத் தாள் காட்டி வாழ்ந்த காலம் அது. அத்தகைய தாள்களைப் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியின் அடித்தட்டில் வைப்பதுதான் பெருவழக்கம். ஈரமான நாளில் கட்டினால் ஈரமும் சேர்ந்தே கட்டப்படுகிறது, பை அதை வெளியே விடாது. பிரதி எடுக்கும் கடையில் லமினேற் செய்வது இன்னும் மோசம்: உள்ளே அகப்பட்ட ஈரத்தோடு தாள் பிளாஸ்ரிக்கில் ஒட்டிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. முதலில் உலர்த்த வேண்டும். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் தையும் மாசியும். பிற்பகலில் ஈரப்பதன் 70க்குக் கீழே இறங்கும் நாட்கள் அப்போது கிடைக்கும். வெயிலில் வேண்டாம், மை மங்கும். நிழலில் விரித்து மின்விசிறியைப் போட்டு, மாலைக்கு முன் இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அந்தப் பெட்டியைக் குளியலறைச் சுவரிலிருந்து தள்ளி, கண்மட்ட உயரத் தட்டில் வைக்கலாம். பொங்கலுக்கு வீடு கழுவித் துப்புரவாக்கும் வழக்கம் சரியான மாதத்தில்தான் வருகிறது.

பழைய தமிழ்ச் சஞ்சிகைகள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் வீட்டில் இருந்தால் அவற்றை நிறைக்குப் போடுவதற்கு முன் ஒருதரம் நிற்க வேண்டும். ஓலைச்சுவடிக் காலத்தில் ஏட்டைக் காப்பது என்றால் இற்றுப்போகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவது. ஈரமும் பூச்சியும் உள்ள நாட்டில் வேறு வழி இருக்கவில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஓரம் உதிரும் சுவடிகளோடு போராடி 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். இன்று அந்த வேலையை 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் செய்கிறது: ஈழத்துத் தமிழ் அச்சுப் பிரதிகளை ஒளிவருடி எல்லோரும் படிக்கத் திறந்து வைக்கிறது. அட்டைப் பெட்டிக்குள் இராமபாணப் பூச்சி துளைத்துக்கொண்டிருக்கும் ஒரு கட்டுச் சஞ்சிகை அங்கே போய்ச் சேர்ந்தால் வீட்டில் ஒரு தட்டு வெறுமையாகும். அந்தத் தட்டை உடனே வேறெதையும் வைத்து நிரப்பாமல், பக்கத்தில் இருக்கும் புத்தகங்களை ஒரு விரல் இடைவெளி விட்டு நிமிர்த்தி வைக்கலாம்.