ஃபிட்டர் கை படாத மெஷின்

10,000 ரூபாய்க்குள் ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷின் கிடைக்கிறது என்றால், எதைக் குறைத்து அந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். இரும்பைக் குறைத்திருப்பார்கள், தூண் மெலிசாக இருக்கும், டேபிள் சிறுத்திருக்கும். அது பார்த்ததும் தெரிந்துவிடும். பார்வைக்குத் தெரியாமல் குறைந்திருப்பது ஃபிட்டருடைய நேரம். கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபடும். விலை கூடிய மெஷினென்றால் ஒருத்தர் உட்கார்ந்து பிசிர் எடுத்து, டயல் கேஜ் வைத்துப் பார்த்து, ஆட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் பெட்டியில் அடைப்பார்கள். மலிவு மெஷினின் விலையில் அந்த ஆளுக்குச் சம்பளம் சேர்வதில்லை. அவருடைய வேலையை நாம் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பீளமேட்டில் என் வீட்டுப் பின்பக்கம் தகரம் வேய்ந்த ஷெட் ஒன்று உண்டு. அங்கே இறங்கியது 13 மில்லி சக், அரை ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், ஐந்து படி புல்லி கொண்ட மெஷின். பெட்டிக்குள் பேஸ், தூண், டேபிள், ஹெட், கைப்பிடிகள் எல்லாம் தனித்தனியாக இருந்தன. கப்பலிலும் கிடங்கிலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பழுப்பு கிரீஸ் எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. கொஞ்சம் டீசலும் காட்டன் வேஸ்ட்டும் போதும்.

பூட்டி வந்த ஹெட்டையும் நான் பிரிப்பதைப் பார்த்து, ஐடிஐயில் படிக்கிற மச்சினன் மகனுக்கு மனசு கேட்கவில்லை.

“ஏனுங் மாமா, புது மெஷினுங்களே, அதையும் எதுக்குங்க கழட்டறீங்க?”

“மாட்டுனவனுக்கு அவசரம் கண்ணு. நமக்கென்ன அவசரம்?”

குவிலை வெளியே உருவியதும் அவனே டார்ச் அடித்துப் பார்த்தான். குவில் என்பது கைப்பிடியைத் திருப்பினால் இறங்கி ஏறுகிற உருளை; சுழலும் ஸ்பிண்டில் அதற்குள்தான் இருக்கிறது. அது வந்து போகும் குழாயின் ஓரத்தில் வார்ப்பு மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. கவனிக்காமல் ஓட்டினால் கிரீஸோடு கலந்து, எமரி போல மெஷினை உள்ளிருந்தே அரைக்கும். துடைத்து, பிசிரை அரத்தால் தட்டி, புது கிரீஸ் வைத்து மூடினோம்.

அடுத்தது சக். பலர் இதை ஒரே அடியில் ஏற்றிவிட்டு, பிட் ஆடுகிறதே என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். சக்கின் பின்பக்கம் பி16 என்ற மாதிரி ஓர் எண் இருக்கும். அது உள்ளே இருக்கும் கூம்புத் துளையின் அளவு. ஏறக்குறைய 20 மில்லி நீளத்துக்கு விட்டம் 1 மில்லி குறைகிற, கண்ணுக்கே தெரியாத சரிவு. 1860-களில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த கூம்புகளின் வழி வந்தது. போல்ட் கிடையாது, பின் கிடையாது. இரண்டு உலோகப் பரப்புகள் இறுகிக் கவ்வுவதுதான் பிடிப்பு. அதனால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ இருக்கக் கூடாது. தின்னரில் துடைத்து, சக்கின் தாடைகளை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, மரச் சுத்தியலால் ஒரு தட்டு.

ஏற்றியதும் டயல் கேஜை எடுங்கள். அதில் ஒரு கோடு 0.01 மில்லி. சக்கில் நேரான கம்பி ஒன்றைப் பிடித்துக் கையால் சுற்றினேன், முள் 0.15 மில்லி அலைந்தது. 3 மில்லி பிட்டுக்கு இது அதிகம். குற்றவாளி யார்? சக்கைக் கழற்றி ஸ்பிண்டிலின் கூம்பிலேயே கேஜை வைத்தால் பாதி விடை வந்துவிடும். அங்கே முள் 0.03-ஐத் தாண்டவில்லை. ஆக ஸ்பிண்டில் நல்ல பிள்ளை. சக்கைக் கால் சுற்றுக்கால் சுற்றாகத் திருப்பி ஏற்றி ஒவ்வொரு நிலையிலும் அளந்தால், ஓரிடத்தில் இரண்டின் கோணலும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். எனக்கு 0.06-ல் நின்றது. அந்த இடத்தில் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுவிட்டேன். இதற்குமேல் துல்லியம் வேண்டுமென்றால் நல்ல கம்பெனி சக் வாங்க வேண்டும். வாழைக்குலை மாட்டுகிற கொக்கிக்கும் கேட் கீலுக்கும் ஓட்டை போட 0.06 தாராளம்.

குவிலின் பக்கவாட்டு ஆட்டம் தனிச் சங்கதி. ஹெட்டின் ஓரத்தில் லாக் நட் போட்ட ஒரு ஸ்க்ரூ இருக்கும்; குவிலில் வெட்டிய நீளப் பள்ளத்தில் அதன் முனை உட்காரும். குவில் தடையில்லாமல் இறங்கி ஏறவேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அந்த இடம் கிடைக்கும்வரை திருகி, நட்டை இறுக்கினால் முடிந்தது.

டேபிள்தான் பொறுமையைச் சோதிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு கம்பியை வளைத்துச் சக்கில் பிடித்து, அதன் முனை டேபிளை உரசுகிற மாதிரி வைத்துக் கையால் சுற்றுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். இடது வலது சாய்வுக்கு டேபிளுக்கு அடியிலேயே போல்ட் உண்டு. பூஜ்யத்தைக் காட்டும் சின்ன பின் ஒன்று சில மெஷின்களில் இருக்கும். அதை நம்பாமல் பிடுங்கிப் போடலாம். முன்பக்கம் தொங்குவதற்கு எந்தத் திருகாணியும் கிடையாது. டேபிளைத் தூணோடு கவ்வுகிற வளையத்துக்குள், மேல் விளிம்பின் பின்பக்கமாக, குளிர்பான டின் தகட்டில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லி கனம். முன்பக்கம் நிமிர்ந்துகொண்டது. பெரிய ஓட்டை போடும்போது டேபிள் அழுத்தத்தில் மறுபடி தாழும்; அப்போது அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிடுவேன்.

இத்தனைக்குப் பிறகும் மெஷின் அதிர்ந்தது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த உறுமலைக் கேட்கவேண்டியிருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். மோட்டார் மேல் பழியில்லை. பெட்டிக்குள் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்த வி-பெல்ட் வளைந்த இடத்திலேயே விறைத்துப்போய், புல்லியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் உதைத்தது. மதுரை ஃபென்னர் பெல்ட் ஒன்றை அதே அளவில் மாட்டி, இரண்டு புல்லிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. நான் செய்த மாற்றங்களில் செலவுக்கு மீறிய பலன் தந்தது இதுதான்.

பெல்ட்டை எந்தப் படியில் போடுவது என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. ஹெச்எஸ்எஸ் பிட்டின் வெட்டும் விளிம்பு, சாதா இரும்பில் நிமிஷத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம். 10 மில்லி பிட்டுக்கு அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று. 3 மில்லிக்கு 2,600 சுற்றுக்குமேல். பிட் பெருத்தால் வேகம் குறைய வேண்டும். இதை மறந்தவர்களின் பிட்தான் நீலம் பாய்ந்து மொட்டையாகிறது. இந்த மெஷினின் மிக மெதுவான படியே 500-க்குமேல் சுற்றுவதால், 50 மில்லி ஹோல்சாவை இரும்பில் இறக்க இது ஆகாது. அதற்கு 160 போதும். அந்த வேலையை லேத்துப் பட்டறைக்குக் கொடுத்துவிடுவது மேல்.

கூடவந்த சுவிட்சை நான் வைத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் கரண்ட் போவதும் வருவதும் சொல்லிக்கொண்டா நடக்கிறது? சாதா சுவிட்சில், கரண்ட் போன நேரம் சக்கில் கை வைத்திருந்தால், திரும்பி வரும்போது மெஷின் தானாகச் சுற்றும். அதனால் என்விஆர் (நோ வோல்ட் ரிலீஸ்) சுவிட்சாக மாற்றினேன். அதற்குள் ஒரு காயில் இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரைதான் அது இணைப்பைப் பிடித்திருக்கும். போனால் விட்டுவிடும், வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். மாட்டும்போதே எர்த் வயரையும் சோதித்துவிடுங்கள்.

இந்த மெஷினில் கையுறை போடக் கூடாது; சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டும் வேண்டாம். தகடு மெலிசுதானே என்று கையால் பிடிக்கவும் கூடாது. பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். அதனால், மலிவு மெஷின் வாங்கியதில் மிச்சமாகும் காசில் வைஸ் ஒன்றும், பேஸை மேஜையோடு பூட்ட நாலு போல்ட்டும் முதலில் வாங்குங்கள். பிட் செட்டுக்கு அவசரமில்லை. அடிக்கடி தேவைப்படுகிற நாலைந்து அளவுகளை மட்டும் அடிசன் மாதிரி நல்ல கம்பெனியில் உதிரியாக எடுத்தால் போதும்.