நாலு காலுக்கு வைத்தியம்!

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, முன்னங்கால் இரண்டையும் அந்தரத்தில் தூக்கிப் பின்னால் சாய்ந்து ஆடுகிற வழக்கம் உண்டா உங்களுக்கு? அப்படியானால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு சந்துகளில் மிச்சமிருக்கும் தச்சுப் பட்டறைகளுக்குப் படியளக்கும் புண்ணியவான் நீங்கள்தான்!

சின்ன ஷெட். தரையெல்லாம் மரச் சுருள். கைக்கெட்டும் தூரத்தில் உளி, கொட்டாப்புளி, இழைப்புளி. மூலையில் கை, கால் ஒடிந்த நாற்காலிகள், ஜி.ஹெச். வார்டு மாதிரி வரிசையில் காத்திருக்கும். இங்கே புது நாற்காலி செய்வதைவிட ரிப்பேர்தான் சோறு போடுகிறது.

நாற்காலியில் முதலில் ஆட்டம் காண்பது, உட்காரும் சட்டமும் பின்னங்காலும் சேருகிற மூட்டு. சட்டத்தின் முனையைச் சீவி, காலில் போட்ட துளைக்குள் இறுகச் செருகியிருப்பார்கள். நீங்கள் சாய்ந்து ஆடும்போது பாரம் முழுக்க அங்கேதான் விழுகிறது. போதாக்குறைக்கு மெட்ராஸ் சீதோஷ்ணம் வேறு! ஐப்பசி மழையில் மரம் ஊதும். கத்திரி வெயிலில் சுருங்கும். வருஷா வருஷம் இதே கதை என்றால், அப்புறம் 'கிறீச்... கிறீச்'தான்.

ஆணி அடித்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் நல்ல தச்சர் அடிக்க மாட்டார். ஆணி துருப்பிடிக்கும், மரத்தைப் பிளக்கும். அந்தக் காலத்தில் ஒட்டியது வஜ்ஜிரம். மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசை. சூடும் ஈரமும் காட்டினால் இளகிவிடும். அதாவது, தாத்தா ஒட்டியதைப் பேரன் பிரித்து மறுபடி ஒட்டலாம்! 1959-ல் ஃபெவிகால் வந்தது. ஒட்டினால் லேசில் விடாது. சௌகரியம்தான்... பிரிக்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

சர்க்கார் ஆபீஸ் பிரம்பு நாற்காலியை (மூட்டைப்பூச்சிகளின் சொந்த ஊர்!) மறந்திருக்க மாட்டீர்கள். நேராக இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என ஆறு தரம் பின்னினால்தான் அந்த எண்கோணக் கண் விழும். ஊறவைத்த பிரம்பு நாரை, துளைகளை விரலால் தடவி எண்ணியே பின்னிவிடலாம். அதனால் பார்வையற்ற பலருக்கு இது சொந்தக் காலில் நிற்க வைத்த தொழில். அவர்களுக்கு ஏற்றவை என்று மத்திய அரசு பட்டியலிட்ட வேலைகளில் நாற்காலி பின்னுவதும் ஒன்று.

1990-களில் பிளாஸ்டிக் நாற்காலி வந்து குவிந்தது. ஒரே அச்சில் வார்த்தது. மூட்டும் இல்லை, பின்னலும் இல்லை. மூட்டைப்பூச்சித் தொல்லை விட்டது வாஸ்தவம். கூடவே தச்சர் பிழைப்பும், பின்னுகிறவர் பிழைப்பும் தேய்ந்தன. பிளாஸ்டிக் கால் உடைந்தால் பட்டறைக்கா போகும்? குப்பைக்குத்தான்!

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் நாற்காலி தூங்குகிறதா? பழைய சாமான்காரர் கண்ணில் படுவதற்குள் பட்டறைக்குத் தூக்கிப் போங்கள். தேக்கு நன்றாகத்தான் இருக்கும்; மூட்டுதான் தளர்ந்திருக்கும். பசை போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் எழுந்து நிற்கும்.

அதற்கப்புறமும் சாய்ந்து ஆடுவேன் என்றால்... ஆடுங்கள் சார், தச்சரும் பிழைக்க வேண்டாமா!